கம்ப்யூட்டர் பெண் பார்க்கப் போனது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவர் என் சித்தப்பா. அந்த உத்தியோகத்தின் பெயர் கம்ப்யூட்டர். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. "கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தாரா?" என்று திருத்துகிறார்கள். இல்லை, அவரேதான் கம்ப்யூட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அது ஓர் ஆளுக்குப் பெயர். அந்த ஆள் வேட்டி கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, விடுமுறைக்குப் பஸ் ஏறி ஊருக்கு வருவார்.

எங்கள் ஊர் குளத்தூருக்குப் பக்கம். அப்பா கடலையும் கம்பும் போடுகிற சம்சாரி. தம்பியைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். தம்பியும் ஒருவழியாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பழுப்பு நிறத்தில் ஒரு கவர் வந்தது. மதராஸில் ஒரு சர்க்கார் புள்ளிவிவர ஆபீஸில் வேலை. எந்த மனுவுக்கு வந்த பதில் இது என்று சித்தப்பாவுக்கே நினைவில்லை.

"என்னடா வேலை?" என்றார் அப்பா.

"கம்ப்யூட்டர்னு போட்டிருக்குண்ணே."

"அப்படின்னா?"

"போனாத்தான் தெரியும்."

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த பங்குச் சாமியாரிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் தம்முடைய தடித்த அகராதியைப் புரட்டிப் பார்த்து, "கணக்குப் போடுகிறவன் என்று அர்த்தம்" என்றார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. கணக்குப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் நல்ல பெயர் கிடையாது. ஆகவே தமிழ் அர்த்தம் சாமியாரோடு இருக்கட்டும், இங்கிலீஷ் வார்த்தையே நமக்குப் போதும் என்று அப்பா முடிவு செய்தார். கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் எதிர்ப்பட்ட எல்லோரிடமும், "தம்பி கம்ப்யூட்டர் ஆயிட்டான்" என்று சொல்லி முடித்தார்.

ஊருக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் அதற்கு மிக நெருக்கமான ஒரு வார்த்தை தெரியும். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவருக்குக் கம்பவுண்டர் என்று பெயர். சித்தப்பா முதல் லீவில் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, காலையில் பல் விளக்கக்கூட விடவில்லை. வாசலில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கட்டி, ஒருவருக்கு மாந்தம், ஒரு கிழவர் யாரும் கேட்கும்வரை காத்திராமல் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அந்த ஆளு இல்லீங்க. நான் கணக்கு" என்று சித்தப்பா கெஞ்சினார்.

"கணக்காத்தான் கொடுங்க தம்பி. போன தடவை குளத்தூர்ல கொடுத்தது கூடிப்போச்சு, மூணு நாளு வயித்தால போச்சு" என்றார் கிழவர்.

கடைசியில் அத்தைதான் வந்து நிலைமையைச் சமாளித்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கணவர் காலமானபின் எங்களோடு இருந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆளுக்கொரு பொட்டலம் சுக்குப் பொடியைக் கொடுத்து, "தம்பி பட்டணத்துல இருந்து கொண்டாந்தது, மூணு வேளை சாப்புடுங்க" என்று அனுப்பிவைத்தார். பாதிப் பேருக்குக் குணமாகிவிட்டது. அதன்பிறகு சித்தப்பா என்ன சொன்னாலும் ஊர் கேட்பதாக இல்லை.

இந்தப் பெருமை நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள். ஆவூரில் ஓர் இடம் வந்தது. பெண்ணின் அப்பா ரிட்டயரான ஹெட்மாஸ்டர். சுற்று வட்டாரத்தில் வாத்தியார் என்று மட்டும் சொன்னால் அவரைத்தான் குறிக்கும். கணக்கில் புலி. பெண்ணும் எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வீட்டில் இருந்தது. பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வாத்தியாரிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் என்று ஒரு மின்சார மூளை செய்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். அது ஓர் அறை அளவுக்கு இருக்குமாம். நூறு பேர் வேலையை ஒன்றாகச் செய்யுமாம். லீவு கேட்காதாம். தங்கள் தம்பியும் கம்ப்யூட்டர் என்று சொன்னீர்கள். இதில் எது சரி என்று தெரிவித்தால் மேற்கொண்டு யோசிக்கச் சௌகரியமாக இருக்கும். இதுதான் கடிதத்தின் சாரம்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே கார்டை எடுத்து, என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். "அமெரிக்காவில் செய்திருப்பது நகல். என் தம்பிதான் அசல். நேரில் கூட்டி வருகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். வாத்தியாரிடமிருந்து மறு தபாலில் பதில் வந்தது. ஒரே வரி. வாருங்கள், பார்க்கிறேன்.

அந்தப் 'பார்க்கிறேன்' அத்தைக்குச் சரியாகப் படவில்லை. "அந்த ஆளு மாப்ளையப் பாக்கல. பரீட்சை வைக்கப்போறாரு" என்றார்.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் சித்தப்பா ஊருக்கு வந்து சேர்ந்தார். அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் கயிற்றுக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. ஆபீஸில் அவர் மனக்கணக்குப் போடுவதே இல்லை. மேஜை மேல் ஒரு மிஷின் இருக்கிறது. தையல் மிஷினில் பாதி இருக்கும். எண்களை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சின்ன ஜன்னலில் விடை வந்து நிற்கும். ஒன்றரை வருஷமாக அதைச் சுற்றிச் சுற்றி அவருக்கு வாய்ப்பாடு முக்கால்வாசி மறந்துபோயிருந்தது.

"ஏழெட்டு?" என்று அப்பா திடீரென்று கேட்டார்.

சித்தப்பாவின் வலது கை தானாகக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அம்பத்தாறு" என்றேன் நான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. வேறு எதில் எப்படியோ, கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இருபதாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். சுக்குப் பொடி யோசனை வந்தபோது அவர் முகத்தில் இருந்த அதே வெளிச்சம் அப்போதும் வந்தது.

யோசனை இதுதான். சித்தப்பா நாற்காலியில் உட்கார்வார். செல்லப் பிள்ளை மாதிரி நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். வாத்தியார் கணக்குக் கேட்டதும் நான் மனதுக்குள் போட்டு, விடையைச் சித்தப்பாவின் முதுகில் விரலால் தட்டுவேன். ஐம்பத்தாறு என்றால் ஐந்து தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஆறு தட்டு. சித்தப்பா எண்ணிக்கொண்டு வாயைத் திறந்தால் போதும்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பழகினோம். பத்துப் பன்னிரண்டு கணக்குப் போட்டுப் பார்த்திருப்போம். முதல் நாலைந்தில் சித்தப்பா எண்ணுவதில் தவறினார். அப்புறம் பிடித்துக்கொண்டார். பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது என்று கடினமான வாய்ப்பாடாகப் பார்த்துப் பார்த்து நான் தட்ட, அவர் விடையைச் சொல்லிவிட்டு நெற்றியைச் சுருக்கி யோசிப்பது போலவும் காட்டினார். "சொல்றதுக்கு முன்னால யோசிடா" என்று அத்தை திருத்தினார்.

அம்மாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. "பொண்ணு பாக்கப் போற எடத்துல எதுக்கு இந்த வேலை? வராததை வராதுன்னு சொல்லிட்டா என்ன?" என்றாள். அம்மாவின் பேச்சு அந்த வீட்டில் வழக்கமாக எங்கே போகுமோ அங்கே போயிற்று.

மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஆவூர் போய்ச் சேர்ந்தோம். கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அத்தை என்னிடம், "ரெண்டு தட்டுக்கு நடுவுல நிறுத்த மறந்துறாத" என்றார்.

வாத்தியார் வீடு பள்ளிக்கூடம் மாதிரியே இருந்தது. நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. சுவரில் மாதாவின் படம், பக்கத்தில் ஒரு கடிகாரம், அதற்குக் கீழே நிஜமான கரும்பலகை. வாத்தியார் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, எங்களை ஒவ்வொருவராக எண்ணுவது போல வரவேற்றார். சித்தப்பாவுக்கென்று நடுவில் ஒரு நாற்காலி. நான் அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்குப் பின்னால் சமையற்கட்டுக்குப் போகிற வாசல். அதில் ஒரு துணித்திரை தொங்கியது. முன்னால் இருக்கிறவர்களைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் பின்னால் இருந்த அந்தத் திரையை யோசிக்கவே இல்லை.

பெண் வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போனது. தலையைக் குனிந்திருந்ததால் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை, முதுகைப் பற்றிய நினைவிலேயே இருந்தார்.

பஸ் எப்படி இருந்தது, உங்கள் பக்கம் மழை உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாத்தியார் நேரே விஷயத்துக்கு வந்தார். "மாப்ளை தப்பா எடுத்துக்கக் கூடாது. சும்மா ஒரு பேச்சுக்கு. பதினேழு பதினாறு எவ்வளவு?"

இரண்டு தட்டு. ஏழு தட்டு. இரண்டு தட்டு.

சித்தப்பா நெற்றியைச் சுருக்கினார். "எரநூத்தி எழுவத்திரெண்டு."

வாத்தியாரின் புருவம் உயர்ந்தது. அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இருபத்திமூணு பத்தொம்போது?"

இது வாய்ப்பாட்டில் இல்லாத கணக்கு. இருபது இருபத்துமூன்றில் ஒரு இருபத்துமூன்றைக் கழித்தேன். நான்கு, மூன்று, ஏழு.

"நானூத்தி முப்பத்தேழு."

"பலே" என்றார் வாத்தியார். அத்தை பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். வாத்தியார் நாற்காலியை ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, புன்னகையோடு, "இது சின்னக் கணக்குதான். முப்பத்தாறு இருபத்தஞ்சு?" என்றார்.

நாலு இருபத்தைந்து நூறு. முப்பத்தாறில் நாலு ஒன்பது தடவை. தொள்ளாயிரம். எனக்கு நொடியில் விடை வந்துவிட்டது. குஷியாக ஒன்பது தட்டுத் தட்டினேன். அடுத்து சைபர்.

சைபரை எப்படித் தட்டுவது?

நாங்கள் பழகிய கணக்குகளில் ஒன்றில்கூடச் சைபர் வரவில்லை. அப்படி ஒன்று வரும் என்று அத்தை உட்பட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் விரலைத் தூக்கியபடி நின்றேன். சித்தப்பா இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வாத்தியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"ஒம்பது" என்றார்.

"என்னது?"

"ஒம்பதுங்க."

"முப்பத்தாறு இருபத்தஞ்சு ஒம்பதா?"

எனக்கு அழுகை முட்டியது. எப்படியாவது அந்த இரண்டு சைபரையும் அவரிடம் சேர்த்துவிட வேண்டும். வேறு வழி தெரியாமல் விரலால் அவர் முதுகில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டேன். சித்தப்பாவுக்குக் கூச்சம் அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். 'ஹீ' என்று ஒரு சத்தம் போட்டு நாற்காலியில் துள்ளினார். அவருக்குப் புரியவில்லையோ என்று மறுபடியும் அழுத்தி இரண்டு வட்டம் போட்டேன். அவர் வளைந்து நெளிந்து, கண்ணில் தண்ணீர் வர, பெண் பார்க்க வந்த வீட்டின் நடுக்கூடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாப்ளைக்கு ஒடம்புக்கு ஏதும்..."

"பெரிய கணக்காப் போட்டா அப்படித்தான் சிரிச்சுருவாப்ல" என்றார் அப்பா.

அந்த நேரம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தொள்ளாயிரம்ப்பா. அந்தப் புள்ளைய உள்ள அனுப்புங்க, பலகாரம் தாரேன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நாற்காலியின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். வட்டம் போட்ட என் விரல் இன்னும் காற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கணக்குப் புலிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. "போ தாயி, உள்ள போ" என்றார்.

சமையற்கட்டில் அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தட்டில் அதிரசம் வைத்துக் கொடுத்தது. "சைபருக்கு என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டது.

"ஒன்னும் வைக்கலை" என்று சொல்லி நான் அழுதுவிட்டேன்.

"அழாத. ரெண்டு கணக்கு நீதானே போட்ட? இருபத்திமூணு பத்தொம்போது எப்படிப் போட்ட?"

சொன்னேன். "நானும் அப்படித்தான் போடுவேன்" என்றது. அப்புறம் தணிந்த குரலில், "ஒங்க சித்தப்பா அங்க எப்படித்தான் போடுறாரு?" என்று கேட்டது. எனக்கு ரகசியம் காக்கிற தெம்பெல்லாம் போயிருந்தது. மிஷினைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கைப்பிடி, சின்ன ஜன்னல், எல்லாம்.

"கழிக்கிறதுக்கு?"

"இங்கிட்டுச் சுத்துனாக் கூட்டுமாம். அங்கிட்டுச் சுத்துனாக் கழிக்குமாம்."

"அதே கைப்பிடியா?"

"அதே கைப்பிடிதான்."

அந்தப் பெண்ணின் கையில் கரண்டி இருந்தது. கை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. பிறகு என் பக்கத்தில் குனிந்து, "அந்த ஆபீசுல பொம்பளையாளுக வேலை பாக்குறாங்களான்னு மட்டும் மெதுவாக் கேட்டுட்டு வா" என்றது.

மெதுவாக என்ற வார்த்தை என் காதில் விழவில்லை. நான் செய்த பிழைக்கு ஏதாவது பரிகாரம் செய்துவிட வேண்டும் என்கிற வேகத்தில் கூடத்துக்கு ஓடினேன். அங்கே எல்லோரும் காப்பி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே உரக்கக் கேட்டேன். "சித்தப்பா, ஒங்க ஆபீசுல பொம்பளையாளுக இருக்காங்களான்னு பொண்ணு கேக்குது!"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பா மட்டும், கணக்கில்லாத ஒரு கேள்வி கிடைத்த சந்தோஷத்தில், பளிச்சென்று பதில் சொன்னார். "இருக்காங்களே. எங்க செக்சன்லயே மூணு பேரு. எங்களை எல்லாம்விட நல்லாப் போடுவாங்க."

அத்தைக்கு இருமல் வந்தது.

நான் உள்ளே திரும்பி ஓடி, "மூணு பேராம். நல்லாப் போடுவாங்களாம்" என்று ஒப்பித்தேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டது. மறுபடி ஒன்றும் கேட்கவில்லை.

கூடத்தில் இறுகிப்போன சூழ்நிலையைக் கலைக்க வாத்தியார் ஒரு காரியம் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் நீட்டினார். கொல்லையில் மழை அளக்கிற பாத்திரம் ஒன்று வைத்து, அன்றன்றைக்குப் பெய்த மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் அவர் எழுதி வந்தார். ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இருபது வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். அதில் ஒரு வருஷத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தது.

"இந்த வருசம் பெஞ்ச மழை மாதிரி ஆவூர் கண்டதில்ல. யாரு கேட்டாலும் இந்த நோட்டைத்தான் காட்டுவேன். ஒரு சொட்டுப் பிசகாது" என்றார்.

பாராட்ட வேண்டிய இடம் அது. பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். சித்தப்பா நோட்டைத் தொடை மேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அதுவரை நெளிந்துகொண்டிருந்த ஆள் வேறு ஆளாகிவிட்டார். பென்சில் முனை வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. பக்கத்தைத் திருப்பினார். முந்தின பக்கத்துக்குப் போனார். மறுபடி திருப்பினார். அப்பா கண்ணால் ஜாடை காட்டியதை அவர் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க. முந்தின பக்கத்து மொத்தத்தை இந்தப் பக்கத் தலைப்புல எழுதியிருக்கீங்க. சரி. கடைசியில கூட்டும்போது அதையே மறுபடியும் ஒரு தடவை சேத்துட்டீங்க. நவம்பர்ல ஏழு அங்குலம் அதிகமா இருக்கு."

"ஏழு அங்குலமா?"

"ஏழு அங்குலம் பன்னெண்டு சென்ட்டு. இது எல்லாருக்கும் வாரதுதாங்க. எனக்கே தெனம் வரும். எங்க ஆபீசுல ஒரே கணக்கை ரெண்டு பேரு தனித்தனியாப் போடுவோம். வித்தியாசம் வந்தா ஒக்காந்து தேடுவோம். தேடுறதுதான் என் வேலை. பெருக்கல் எனக்கு வராதுங்க. புள்ள முதுகுல தட்டுனதைத்தான் சொன்னேன்."

அம்மா முந்தானையை விலக்கிச் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியாருடைய வாழ்நாளின் மிகப்பெரிய மழையிலிருந்து ஏழு அங்குலத்தை எங்கள் சித்தப்பா எடுத்துவிட்டார். அந்த வருஷம் சாதாரண வருஷமாகிவிட்டது. வாத்தியார் நோட்டை வாங்கினார், மூடினார், "நல்லது, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் யார் மேல் எவ்வளவு குற்றம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. சைபர் என் பங்கு. சிரிப்பும் மழையும் சித்தப்பாவின் பங்கு. ஆனால் பெரிய பங்கை அத்தை அந்தப் பெண்ணுக்கு ஒதுக்கினார். "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள ஆபீசுல எத்தனை பொம்பளைங்கன்னு வெசாரிக்கிறா. இப்பவே இவ்வளவு சந்தேகம். இவ வந்தா இவனை நிம்மதியா வேலை பாக்க விடுவாளா?" அப்பா, போனால் போகிறது, வேறு இடம் பார்ப்போம் என்றார். சித்தப்பா வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து ஆவூரிலிருந்து கார்டு வந்தது. நான்தான் படித்தேன். "நவம்பர் மாதத்தைத் தங்கள் தம்பி சொன்னபடி திருத்திக்கொண்டேன். இன்னும் இரண்டு வருஷங்களில் பிழை இருக்கிறது, அவை என் மகள் கண்டுபிடித்தவை. சம்மதம் என்கிறாள்."

"சம்மதம்னு எதைச் சொல்றாரு, மழையையா பொண்ணையா?" என்று அத்தை கேட்டார். பெண்ணைத்தான் என்று அப்பா தீர்மானித்தார். அடுத்த மாதமே கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது. தாலி கட்டிய கையோடு அத்தை சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு, ஆபீஸில் தலையை நிமிர்த்தி யாரையும் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊர்க்காரர்கள் வந்து சின்னம்மாவிடம், உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த பொடி நன்றாகக் கேட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறைக்கு என்னை மதராஸுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு நாள் அப்பாவோடு சித்தப்பாவின் ஆபீஸுக்குப் போனேன். நீளமான கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிஷின். கூடம் முழுவதும் கடகடவென்று சத்தம். ஓர் ஓரத்தில் சித்தப்பா காகிதக் கட்டுகளுக்கு நடுவில் பென்சிலோடு எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெண்கள் வரிசையில் இப்போது நான்கு பேர் இருந்தார்கள். நான்காவது நாற்காலியில் சின்னம்மா உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்ததாம்.

அப்பா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் கால் மணி நேரம் போல அங்கேயே நின்று சின்னம்மாவைப் பார்த்தேன். எண்களை வைப்பார். கைப்பிடியை இந்தப் பக்கம் நாலு சுற்று, நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு சுற்று. ஜன்னலைப் பார்ப்பார். எழுதுவார். முகத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது. பூசையில் பாட்டுப் பாடும்போது சிலருக்கு வருமே, அந்த மாதிரி.

எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாம் தெரிந்த வயது. ஊருக்கு வந்ததும் அத்தையிடம் முதல் வேலையாகச் சொன்னேன். "அத்தை, சின்னம்மா சித்தப்பாவைக் காவல் காக்க ஆபீசுக்கே போயிட்டாங்க!"

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் அத்தை, வெற்றியோடு. "எப்பவும் அவனையே பாத்துக்கிட்டு இருக்காளா?"

நான் யோசித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமே. "இல்ல அத்தை. நான் நின்ன நேரத்துல ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பலை."

"அது ஒரு தந்திரம்டி" என்றார் அத்தை. நானும், அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.